உடைஞ்ச விரலும் ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்க்ரூவும்

போன செமஸ்டர்ல என்னை வகுப்புல பார்த்தவங்களுக்குத் தெரியும், வலது கையில் ஒரு பெரிய கட்டோட கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தேன். "என்னடா ஆச்சு?" என்று கேட்ட எல்லாருக்கும் ஒரே வரியில் "கபடி" என்று சொல்லி முடிச்சுட்டேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கிற மிச்சக் கதை. கதையை விட பாடம்தான் அதிகம். நான் மெக்கானிக்கல். அதனால் டாக்டர் மாதிரி சொல்லாமல், நாம படிக்கிற பாடத்தை வைத்தே சொல்லப் போறேன். உங்களுக்கோ உங்க ரூம்மேட்டுக்கோ நாளைக்கு ஒரு விரல் உடைஞ்சா, நான் பண்ண தப்பை நீங்க பண்ணக் கூடாது. அதுதான் நோக்கம்.

சாக்பீஸை முறுக்கிப் பாருங்க

டிபார்ட்மென்ட் மேட்ச். ரெய்டு வந்த பையனோட ஜெர்சியைப் பிடிச்சேன். அவன் திரும்பினான், ஜெர்சி திரும்பியது, அதில் மாட்டியிருந்த என் மோதிர விரலும் திரும்பியது. "டக்" என்று ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது.

இப்போ ஒரு சாக்பீஸை எடுங்க. இரண்டு முனையையும் பிடிச்சு வளைச்சா, நேராகக் குறுக்கே உடையும். அதே சாக்பீஸை முறுக்கினா, சுமார் 45 டிகிரியில் சுருள் மாதிரி சாய்வாக உடையும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் வார்ப்பிரும்பைத் திருகி உடைச்சப்போ பார்த்த அதே உடைப்பு. காரணமும் அதேதான். முறுக்கும்போது அதிகபட்ச இழுவிசை 45 டிகிரியில் வரும், நொறுங்கும் தன்மை உள்ள பொருள் இழுவிசைக்குத்தான் முதலில் தோற்கும். எலும்பு சாக்பீஸ் அளவுக்கு நொறுங்காது. ஆனாலும் முறுக்கினா அதுவும் சுருளாகத்தான் உடையும். என் எக்ஸ்ரேயில் தெரிந்த கோடும் அப்படித்தான் இருந்தது.

ஒரு கையில் மொத்தம் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டை விரலுக்கு 2, மற்ற விரல்களுக்கு ஆளுக்கு 3. எனக்கு உடைஞ்சது மோதிர விரலின் முதல் எலும்பு, அதாவது நாம மோதிரம் போடுற இடத்தில் இருக்கிற எலும்பு.

நாலு நாள் போச்சு

கிரவுண்ட்ல ஒரு சீனியர் அண்ணன் "சுளுக்குடா, இழுத்து விட்டா சரியாயிடும்" என்று விரலைப் பிடிச்சு இழுத்தார். நல்ல மனுஷன், ஆனா அது எக்ஸ்ரே மிஷின் இல்லையே. அன்னைக்கு ராத்திரியே ஊருக்குப் போயிட்டேன். அப்பத்தா பார்த்தாங்க. "நம்ம ஊர்லயே கட்டு போடுறவர் இருக்காரு, எண்ணெய்க் கட்டு போட்டா ரெண்டு வாரத்துல கூடிடும்" என்றாங்க. மூங்கில் சிம்பு வைத்து, விரல் எல்லாத்தையும் நேராக நீட்டி, இறுக்கக் கட்டினாங்க. நாலாவது நாள் விரல் நுனி மரத்துப் போச்சு. அப்பதான் அப்பா என்னை வண்டியில் ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார்.

நான் அப்பத்தாவைக் குறை சொல்லலை. அவங்க காலத்துல எத்தனையோ எலும்பு அப்படிக் கட்டித்தான் கூடியிருக்கு. பிரச்சினை என்னன்னா, எலும்பு கூடுறது ஒரு விஷயம், சரியான திசையில் கூடுறது இன்னொரு விஷயம். உடைஞ்ச எலும்பு எப்படியும் கூடப் பார்க்கும். கோணலாக வைத்தாலும் கோணலாகவே கூடிடும். அதுவும் இல்லாம, வீங்குற கையை இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு போகலாம். எனக்கு மரத்துப் போனது அந்த எச்சரிக்கைதான்.

டாக்டர் மேடம் முதலில் எக்ஸ்ரேயைக் கூடப் பார்க்கலை. "கையை மெதுவா மூடுப்பா" என்றாங்க. நீங்களும் இப்பவே பண்ணிப் பாருங்க. கையை மெதுவாக மடக்கினா நாலு விரல் நுனியும் ஏறக்குறைய ஒரே இடத்தை நோக்கிப் போகும். மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கும், அந்தப் பக்கமாக. என் மோதிர விரல் மட்டும் சுண்டு விரலுக்கு அடியில் போய் நுழைஞ்சது. கத்தரிக்கோல் மாதிரி ஒன்று மேல் ஒன்று.

"விரலை நீட்டி வச்சிருந்தா இது தெரியாது. மடக்கினாத்தான் தெரியும்" என்றாங்க. எனக்கு அது உடனே புரிஞ்சது. உடைஞ்ச இடத்தில் எலும்பு தன் அச்சில் 10 டிகிரி திரும்பியிருக்குன்னு வைங்க. விரல் நீட்டியிருக்கும்போது நுனியும் அதே அச்சில் இருக்கு, அதனால் நகராது. மடக்கினதும் நுனி அச்சிலிருந்து வெளியே வந்துடும். அந்தத் தூரம் 5 செ.மீ. என்று எடுத்தாலும், 10 டிகிரி என்பது 0.175 ரேடியன், பெருக்கினா கிட்டத்தட்ட 0.9 செ.மீ. பக்கத்து விரலின் இடத்தைப் பிடிக்க அது போதும். அப்படியே கூடியிருந்தா, வாழ்நாள் முழுக்க ஒரு டம்ளரைப் பிடிக்கும்போதெல்லாம் விரல் மேல் விரல் ஏறும்.

எல்லா உடைப்புக்கும் ஆபரேஷன் வேண்டாம்

இதை முதலில் சொல்லிடணும். கை எலும்பு முறிவுகளில் நிறைய கேஸ் ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். விலகாத உடைப்பு, அல்லது கையால் சரிசெய்து வைத்தா அப்படியே நிற்கிற உடைப்பு என்றால் ஸ்ப்ளின்ட் போதும். அல்லது பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுகிற பட்டி போதும்.

சுண்டு விரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்பின் கழுத்து இருக்கே, கோவத்துல சுவத்தைக் குத்துறவங்களுக்கு உடையுறது, அங்கே 30, 40 டிகிரி வளைவு இருந்தாலும் பெரும்பாலும் வேலை கெடாது. ஏன்னா அந்த எலும்பின் அடி மூட்டு அசையக் கூடியது, வளைவை அது ஈடு கட்டிடும். ஆள்காட்டி விரல், நடுவிரலுக்குக் கீழே உள்ள எலும்புகளின் அடி மூட்டு கிட்டத்தட்ட ஃபிக்ஸ்ட் சப்போர்ட். அங்கே 10, 15 டிகிரிக்கு மேல் விட மாட்டாங்க.

எப்போ ஆபரேஷன்? விரல் அச்சில் திரும்பியிருந்தா, தோல் கிழிஞ்சு எலும்பு வெளியே தொடர்பில் இருந்தா, மூட்டின் வழவழப்பான பரப்புக்குள்ளேயே உடைப்பு போய் அங்கே படி விழுந்தா, பல எலும்பு ஒரே நேரத்தில் உடைஞ்சா, சரிசெய்து வைத்தும் மறுபடி நழுவினா. எனக்கு முதலாவதும் கடைசியும். சுருள் உடைப்பு சறுக்கு மரம் மாதிரி. தசை இழுக்க இழுக்க ஒரு துண்டு இன்னொன்றின் மேல் வழுக்கிக்கிட்டே இருக்கும்.

வொர்க்‌ஷாப்பில் இருக்கிற அதே டூல்ஸ்

உடைஞ்ச கை எலும்பைப் பிடிச்சு வைக்க டாக்டர்கள் கிட்ட இருக்கிற முக்கியமான வழிகள் நமக்கு அந்நியம் இல்லை.

முதலாவது, கே-வயர். ஜெர்மனி நாட்டு மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-ல் அறிமுகப்படுத்தியது, அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த 'கே'. கூர்மையான மெல்லிய கம்பி. சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே மிஷினில் பார்த்துக்கிட்டே தோலுக்கு வெளியிலிருந்து டிரில் பண்ணி ஏத்துவாங்க. பெருசாக வெட்ட வேண்டாம், செலவு குறைவு, மூன்று நாலு வாரத்தில் உருவிடலாம். குறை என்னன்னா, கம்பி துண்டுகளைப் பிடிக்குமே தவிர நெருக்கி அழுத்தாது. வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற முனை வழியாகக் கிருமி போகலாம்.

இதில் நம்ம கணக்கு ஒன்று. உருண்டைக் கம்பியின் வளைவு விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 1.0 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.2 மி.மீ. போட்டா, 1.2-ஐ நாலு தடவை பெருக்கினா 2.07. அதாவது 0.2 மி.மீ. கூடுதலுக்கு விறைப்பு இரண்டு மடங்கு! சின்ன விரலில் கம்பி சைஸை டாக்டர்கள் அவ்வளவு யோசிச்சு எடுக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, லேக் ஸ்க்ரூ. எனக்குப் போட்டது இதுதான். இரண்டு பலகையை ஒரு ஸ்க்ரூவால் இறுக்கணும்னா என்ன பண்ணுவோம்? மேல் பலகையில் ஸ்க்ரூ சும்மா போய்வரக் கூடிய பெரிய ஓட்டை, கீழ்ப் பலகையில் மரை பிடிக்கிற சின்ன ஓட்டை. முறுக்கினா ஸ்க்ரூவின் தலை மேல் பலகையைக் கீழே இழுத்து அழுத்தும். எலும்பிலும் அப்படியே. 1.5 மி.மீ. ஸ்க்ரூ என்றால் முதல் பக்கத்தில் 1.5 மி.மீ. ஓட்டை, எதிர்ப் பக்கத்தில் 1.1 மி.மீ. ஓட்டை. உடைப்பின் நீளம் எலும்பின் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருந்தால்தான் ஸ்க்ரூ மட்டும் போதும். நீளமான சுருள் உடைப்புக்கு இது அருமையான வழி.

மூன்றாவது, பிளேட். குறுக்கே உடைஞ்சாலோ பல துண்டானாலோ போடுவாங்க. ரொம்ப உறுதி. ஆனா அதைப் போட நிறைய திறக்கணும். விரலின் மேல் பக்கம் நீட்டும் டெண்டன், அதாவது தசைநாண், எலும்பின் மேலேயே படுத்திருக்கு. நடுவில் இடமே இல்லை. அங்கே பிளேட் வைத்தா தசைநாண் அதோடு ஒட்டிக்க வாய்ப்பு அதிகம். அதனால் உள்ளங்கை எலும்பில் பிளேட் போடுற அளவுக்கு விரல் எலும்பில் போட யோசிப்பாங்க.

நாலாவது, தலை இல்லாத ஸ்க்ரூ. ஆஸ்திரேலிய மருத்துவர் டிமோதி ஹெர்பர்ட் மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு எலும்புக்காக வடிவமைச்சது. இரண்டு முனையிலும் மரை இருக்கும், ஆனா பிட்ச் வேற வேற. ஒரு சுற்றுக்கு முன் மரை அதிக தூரம் போகும், பின் மரை குறைந்த தூரம் போகும். அந்த வித்தியாசமே இரண்டு துண்டையும் நெருக்கிடும். தலை இல்லாததால் மூட்டுக்குள் எதுவும் துருத்தாது. டிஃபரன்ஷியல் ஸ்க்ரூ பாடத்தை எக்ஸாமுக்கு மட்டும் படிச்ச எனக்கு, இதைக் கேட்டப்போ கொஞ்சம் வெட்கமாவே இருந்தது.

எலும்பு எப்படிக் கூடுது?

உடைஞ்ச இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். அதற்குள் புது ரத்தக் குழாயும் நார்த் திசுவும் வளரும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு மிருதுவான பாலம் உருவாகும், அப்புறம் அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகும். கடைசியில் பல மாசம் எலும்பு தன்னைத் தானே செதுக்கிக்கும். எங்கே சுமை அதிகமோ அங்கே எலும்பு கூடும், சுமை இல்லாத இடத்தில் குறையும். இதை ஜெர்மனியில் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதி வச்சுட்டார்.

இதில் எனக்குப் பிடிச்ச பகுதி ஸ்டீஃபன் பெரன் என்கிற சுவிஸ் ஆராய்ச்சியாளர் சொன்ன ஸ்ட்ரெய்ன் கணக்கு. உடைப்பில் உள்ள இடைவெளி எவ்வளவு அசையுதோ அதை இடைவெளியின் அகலத்தால் வகுக்கணும். நாம முதல் வருஷம் படிச்ச அதே ஸ்ட்ரெய்ன். கெட்டி எலும்பு தாங்குறது சுமார் 2 சதவீதம். குருத்தெலும்பு 10 சதவீதம் வரை தாங்கும். ஆரம்பத்தில் வர்ற மிருதுவான திசு 100 சதவீதம் வரைக்கும் தாங்கும். அதாவது அசைவு அதிகம் இருக்கிற இடத்தில் எலும்பு நேரடியாக வராது. முதலில் மிருதுவான திசு வந்து அசைவைக் குறைக்கும், அப்புறம் அதைவிடக் கெட்டியானது வரும்.

இடைவெளி 1 மி.மீ., அசைவு 0.02 மி.மீ. என்றால் 2 சதவீதம், பிரச்சினை இல்லை. அதே அசைவு, இடைவெளி 0.1 மி.மீ. என்றால் 20 சதவீதம். பக்கத்தில் கொண்டு வந்து வச்சுட்டு இறுக்காமல் விட்டா ஏன் ஆபத்து என்று இப்போ புரியுதா? லேக் ஸ்க்ரூ நெருக்கி அழுத்திடுது, அசைவு கிட்டத்தட்ட பூஜ்யம். எலும்பு செல்கள் கோட்டைத் தாண்டி நேரடியாகவே புது எலும்பு போடும். கே-வயரில் கொஞ்சம் அசைவு இருக்கும், அதனால் சுத்தி ஒரு முடிச்சு மாதிரி திரண்டு கூடும். இரண்டுமே கூடுற வழிதான்.

அப்போ இவ்வளவு இறுக்கி வைக்கிறது எதுக்கு? நான் நினைச்சது எலும்பு சீக்கிரம் கூடத்தான் என்று. தப்பு. இறுக்கி வைக்கிறதே சீக்கிரம் விரலை அசைக்கத்தான். இதைப் புரிஞ்சுக்காம நான் பத்து நாளைத் தொலைச்சேன்.

நான் பண்ண தப்பு

அடிபட்ட ஆறாவது நாள் ஆபரேஷன். தோள் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப் போக வச்சாங்க. நான் முழிச்சுக்கிட்டே இருந்தேன், டிரில் சத்தம் நம்ம லேப் டிரில் சத்தம் மாதிரியே இருந்தது. இரண்டு ஸ்க்ரூ. முடிச்சதும் மேடம் விரல்களை மடக்கிப் பார்த்து, நாலும் ஒரே பக்கம் போகுதான்னு சரிபார்த்தாங்க. இப்போ சில இடங்களில் விரலுக்கு மட்டும் மருந்து போட்டு, ஆபரேஷன் டேபிள்லயே நோயாளியைத் தானா விரலை மடக்கச் சொல்லிப் பார்க்கிறாங்களாம்.

மூன்றாவது நாள் பிசியோதெரபி அக்கா வந்தாங்க. கழற்றி மாட்டுற ஸ்ப்ளின்ட் ஒன்றைச் செஞ்சு கொடுத்தாங்க. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றி, தானாக மடக்கி நீட்டணும், ஒவ்வொரு தடவையும் பத்து முறை என்றாங்க. நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுல அப்பத்தா, "டேய் அசைக்காதடா, இப்பதான் ஆணி அடிச்சிருக்காங்க, பிடுங்கிக்கிட்டு வந்துடப் போகுது." அம்மாவும் அதையே சொன்னாங்க. உண்மையைச் சொன்னா அவங்க சொல்லலைன்னாலும் நான் அசைச்சிருக்க மாட்டேன். பயம். உள்ளே 1.5 மி.மீ. ஸ்க்ரூ, அதுவும் இரண்டே இரண்டு. போனில் அக்கா கேட்டப்போ "பண்றேன் அக்கா" என்று பொய் சொன்னேன்.

பதிமூணாவது நாள் தையல் பிரிக்கப் போனப்போ அக்கா கோனியோமீட்டர் வச்சு அளந்தாங்க. விரலின் நடு மூட்டு 35 டிகிரிதான் மடங்கியது. நல்ல விரல் 100 டிகிரி மடங்கும். அக்கா திட்டலை. "தம்பி, எலும்பு நாங்க எவ்வளவு நல்லா வச்சாலும் விரலை உங்களுக்காக நாங்க மடக்க முடியாது" என்று மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

கை ஏன் ஒட்டிக்குது?

மூன்று காரணம்.

ஒன்று, வீக்கம். அடிபட்ட இடத்தில் தேங்குற நீரில் புரதம் அதிகம். அது தேங்கிக் கிடந்தா பசை மாதிரி இறுகி எல்லாத்தையும் சேர்த்து ஒட்டிடும். அதனால்தான் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்றாங்க. அசைவு என்பது அந்த நீரை வெளியே தள்ளுற பம்ப்.

இரண்டு, தசைநாண். உடைப்பு ஆறும்போது உருவாகுற தழும்புக்கு, எது எலும்பு எது தசைநாண் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து ஒட்டும். தினமும் தசைநாண் வழுக்கிப் போய்வந்தா ஒட்ட நேரம் கிடைக்காது.

மூன்று, மூட்டின் லிகமென்ட். இதுதான் மெக்கானிக்கல் பசங்களுக்கு. கைமுட்டி மூட்டில் எலும்பின் தலை உருண்டை இல்லை, அது ஒரு கேம். விரல் நீட்டியிருக்கும்போது பக்க லிகமென்ட் தளர்ந்து இருக்கும். மடக்கினா கேம் சுத்தி லிகமென்ட்டை இழுத்து விறைப்பாக்கும். தளர்ந்த நிலையில் வாரக்கணக்கில் விட்டா லிகமென்ட் சுருங்கிடும், அப்புறம் மடக்க விடாது. அதனால் ஸ்ப்ளின்ட் போடும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்ச்சு, முட்டி மூட்டை 70 முதல் 90 டிகிரி மடக்கி, விரலின் மற்ற இரண்டு மூட்டையும் நேராக வைப்பாங்க. பார்க்க விசித்திரமா இருக்கும், ஆனா அதுதான் கைக்குப் பாதுகாப்பான நிலை. எனக்கு மூங்கில் சிம்பில் நேராக நீட்டிக் கட்டினது இதுக்கு நேர் எதிர்.

அப்போ எப்படி அசைக்கணும்?

இது என் டாக்டர் எனக்குக் கொடுத்த அட்டவணை. உங்களுக்கு வேற மாதிரி இருக்கும், உங்க டாக்டர் சொல்றதுதான் உங்களுக்கு.

முதல் வாரம் முதல்: ஸ்ப்ளின்ட் கழற்றி, சொந்த பலத்தில் மட்டும் மடக்கி நீட்டுறது. ஐந்து நிலைகள். எல்லா விரலும் நேராக, கொக்கி மாதிரி, முழு முஷ்டி, முட்டி மட்டும் மடக்கி மேஜை மாதிரி, விரல் நுனியை நேராக வைத்த தட்டை முஷ்டி. ஒவ்வொன்றிலும் வேற வேற தசைநாண் வேற வேற தூரம் வழுக்கும். கூடவே அடி எலும்பை மறு கையால் பிடிச்சுக்கிட்டு நடு மூட்டை மட்டும் மடக்குற பயிற்சி. தோள், முழங்கையையும் அசைக்கணும், இதைப் பலரும் மறந்துடுறாங்க.

மூன்று, நாலு வாரத்தில்: பக்கத்து விரலோடு பட்டி போட்டுச் சேர்த்து அசைக்கிறது. தழும்பில் எண்ணெய் போட்டு அழுத்தி மசாஜ். எண்ணெய் தடவுறதை மட்டும் அப்பத்தா சந்தோஷமா ஏத்துக்கிட்டாங்க!

ஆறு வாரத்துக்கு மேல்: டாக்டர் தொட்டுப் பார்த்து வலி இல்லைன்னு உறுதி பண்ணின பிறகு, மறு கையால் மெதுவாக அழுத்தி மடக்கிறது, ஸ்பாஞ்ச் பிழியறது. கை எலும்பில் எக்ஸ்ரே கோடு மாதக் கணக்கில் தெரியலாம், அதனால் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து பயப்படக் கூடாது, அது ஆறினதைத் தாமதமாகத்தான் காட்டும்.

பன்னிரண்டு வாரம் வரை: தண்ணிக் குடம், பைக் கிளட்ச், கபடி, எதுவும் இல்லை.

தானா மடக்குறதுக்கும் எடை தூக்குறதுக்கும் வித்தியாசம் புரியணும். சும்மா மடக்கும்போது எலும்பில் வர்ற விசை ஸ்க்ரூ தாங்குற அளவுக்குள் இருக்கும். இறுக்கிப் பிடிக்கும்போது தசைநாண் இழுக்கிற விசை பல மடங்கு ஏறும். முதலாவதுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன் நான். தைரியசாலி ஒருத்தன் மூணாவது வாரத்திலேயே இரண்டாவதைப் பண்ணுவான். இரண்டுமே தப்பு.

என் ரீடிங்ஸ்

கையில் எவ்வளவு அசைவு திரும்பியது என்று அளக்க ஒரு எளிய கூட்டல் இருக்கு. விரலின் மூன்று மூட்டும் மடங்குற டிகிரியைக் கூட்டணும், முழுசா நீட்ட முடியாத டிகிரியைக் கழிக்கணும். நல்ல விரலுக்கு சுமார் 260 வரும்.

பதிமூணாவது நாள்: 50, 35, 20, கூட்டினா 105. நீட்ட முடியாதது 20. மிச்சம் 85.
ஆறாவது வாரம்: 80, 70, 40, கூட்டினா 190. நீட்ட முடியாதது 20. மிச்சம் 170.
பன்னிரண்டாவது வாரம்: 90, 95, 60, கூட்டினா 245. நீட்ட முடியாதது 12. மிச்சம் 233.

85-லிருந்து 170-க்கு வந்த நாட்கள் சுலபமா இல்லை. காலையில் எழுந்தா விரல் கட்டை மாதிரி இருக்கும். வெந்நீரில் பத்து நிமிஷம் வச்சு, அப்புறம் மடக்கி, கண்ணுல தண்ணி வர, சாயங்காலம் 5 டிகிரி கூடியிருக்கும். மறுநாள் காலையில் அதில் 3 டிகிரி காணாமல் போயிருக்கும். நிகர லாபம் 2. ஹாஸ்டல் சுவத்துல கிராஃப் ஒட்டி வச்சேன். ரூம்மேட் தினமும் அளந்து புள்ளி வச்சான். செமஸ்டர் எக்ஸாமுக்கு பேனாவுல துணி சுத்தி தடிமனாக்கி நானே எழுதினேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது, ஆனா பாஸ்.

நம்ம ஊர் சம்பந்தம்

இதெல்லாம் எங்கேயோ வெளிநாட்டு விஷயம் என்று நினைச்சிருந்தேன். கை மறுவாழ்வில் உலகம் மதிக்கிற பெயர்களில் ஒருத்தர் பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப் போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அவருக்கும் ஆபரேஷன் என்பது பாதி வேலைதான். அந்தக் கை மறுபடி வேலை செய்யப் பழகணும், அதற்குப் பயிற்சி வேணும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கு. விரல்தானே என்று அலட்சியமா இருக்கிறவங்க இதை யோசிக்கணும்.

ஞாபகம் வச்சுக்க வேண்டியது

அடிபட்டதும் மோதிரத்தைக் கழற்றுங்க, வீங்கின பிறகு வராது. யாரையும் இழுத்து விட விடாதீங்க. அன்னைக்கே எக்ஸ்ரே எடுங்க. யாரையாவது குத்தி, அவர் பல் பட்டு முட்டியில் காயம் என்றால், வெட்கப்படாம உண்மையைச் சொல்லி உடனே டாக்டரைப் பாருங்க. வாய்க் கிருமி மூட்டுக்குள் போனா விரலே போகலாம்.

டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. என் விரல் திரும்பியிருக்கா? ஆபரேஷன் இல்லாம முடியுமா? என்னைக்கு அசைக்க ஆரம்பிக்கணும்? எதைச் செய்யக் கூடாது?

கட்டுக்குள் வலி ஏறிக்கிட்டே போனாலோ, நுனி வெளுத்தாலோ நீலமானாலோ, மரத்துப் போனாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீங்க. வாரங்கள் ஆன பிறகும் கை முழுக்க எரிச்சலும் வீக்கமும் வேர்வையும் தோல் பளபளப்பும் இருந்தா அதையும் சொல்லுங்க, அதுக்கும் சிகிச்சை இருக்கு. சிகரெட் பிடிக்கிறவங்க எலும்பு கூடுற வரைக்குமாவது விடுங்க, அது எலும்பு கூடுறதைத் தள்ளிப் போடும்.

கடைசியா ஒன்று. இப்போ என் கை நல்லா மடங்குது, டைப் பண்றேன், பைக் ஓட்டுறேன். ஆனா அந்த 12 டிகிரி இருக்கே, அது இன்னும் இருக்கு. இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் வைக்கும்போது எல்லா விரலும் ஒட்டும், மோதிர விரல்கள் நடுவில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி தெரியும். போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பத்தா அதைப் பார்த்துட்டாங்க. கையைப் பிடிச்சு, அந்த விரலை மெதுவா நீட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அசைக்கலாம்லடா" என்றாங்க.

அசைச்சுக்கிட்டுதான் இருக்கேன்.